துறையில் யாருடைய சொல்லை நம்புவது?

மன்னார்ச் சனத்துக்குத் 'துறை' என்ற சொல்லை விளங்கப்படுத்தத் தேவையில்லை. உப்புக்குளத்துப் பிள்ளைகளான எங்களுக்கு அது வள்ளம் வந்து கட்டுகிற இடம். தலைமன்னாரில் அது ஒரு காலத்தில் இந்தியக் கப்பல் வந்து நின்ற இறங்குதுறை. நெட்வொர்க் படிக்கப் போனால் அங்கேயும் ஒரு துறை இருக்கிறது. ஸ்விட்ச் என்கிற பெட்டியின் முகத்தில் 8, 24, 48 என்று வரிசையாகத் துளைகள் இருக்கும். கேபிளின் தலையை அதில்தான் கொளுவுவோம். ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட். தமிழில் சொன்னால் அதுவும் துறைதான்.

இந்தக் கட்டுரை அந்தத் துளைகளில் கேட்கப்படுகிற ஒரு கேள்வியின் வரலாறு. 'நான் அவசரம், என்னை முதலில் விடு' என்று நெற்றியில் எழுதிக்கொண்டு ஒரு தரவுப் பொதி வந்தால், ஸ்விட்ச் அதை நம்ப வேண்டுமா? நம்பினால் அது 'நம்பும் போர்ட்'. நம்பாவிட்டால் 'நம்பாத போர்ட்'. பாடப்புத்தகத்தில் இது இரண்டு மூன்று கட்டளைகளோடு முடிந்துவிடும். ஆனால் கேள்விக்கு வயது ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல். அதில் ஒரு பகுதி எங்கட கடலிலேயே நடந்திருக்கிறது. அதைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: எந்த வரிசையிலும் முந்தவைப்பது நெற்றியில் இருக்கிற எழுத்து மட்டும் இல்லை. அந்த எழுத்தை வாசலில் நிற்கிறவர் நம்பவும் வேண்டும்.

வரிசை ஏன் வருகிறது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. போனில் நாம் கதைக்கிற குரலை, இன்டர்நெட் வழியாக அனுப்பும்போது, வழமையாக 20 மில்லிசெக்கன் துண்டுகளாக வெட்டுவார்கள். ஒரு செக்கனுக்கு 50 பொதி. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 பைட்தான். சின்னப் பொதி, ஆனால் நேரத்துக்கு வரவேண்டிய பொதி. பேசுகிறவரின் வாயிலிருந்து கேட்கிறவரின் காதுக்கு 150 மில்லிசெக்கனுக்குள் குரல் போய்ச் சேர்ந்தால் நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

இப்போது அதே லைனில் ஒருவர் பெரிய வீடியோ ஒன்றை மேலேற்றுகிறார். அந்தப் பொதிகள் ஒவ்வொன்றும் 1500 பைட். லைனின் வேகம் செக்கனுக்கு 10 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய பொதி வெளியேற 1.2 மில்லிசெக்கன் எடுக்கும். அப்படி 200 பொதி வரிசையில் நின்றால், பின்னால் வந்த சின்னக் குரல் பொதி 240 மில்லிசெக்கன் காத்திருக்க வேண்டும். 150 அங்கேயே தாண்டியாகிவிட்டது. வீடியோவுக்குக் கால் செக்கன் தாமதம் ஒன்றுமே இல்லை. கதைக்கிற இரண்டு பேருக்கு அது 'ஹலோ, கேக்குதா?' ஆகிவிடும்.

அதனால்தான் முன்னுரிமை. லைன் வெறுமையாக இருக்கும்போது அதற்கு வேலையே இல்லை. நெரிசல் வரும்போதுதான் யார் முன்னால், யார் பின்னால் என்ற கேள்வி எழும். முன்னுரிமை லைனின் வேகத்தைக் கூட்டாது. ஒருவரை முன்னால் விட்டால் இன்னொருவர் கட்டாயம் காத்திருக்கத்தான் வேண்டும். இதை மறக்காமல் மேலே வாசியுங்கள்.

காசு கொடுத்தால் அவசரம்

இலங்கைக்குத் தந்தி வந்தது 1850களின் கடைசியில். கொழும்பை இந்தியாவோடு இணைத்த தந்திப் பாதை மன்னார் ஊடாகத்தான் போனது. ஒரு கம்பி, அதில் ஒரு நேரத்தில் ஒரு செய்தி. எனவே முதல் நாளிலிருந்தே வரிசை இருந்தது.

1865இல் பாரிசில் 20 ஐரோப்பிய நாடுகள் கூடி சர்வதேசத் தந்தி உடன்படிக்கை ஒன்றைச் செய்தன. இன்றைய சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிறப்பும் அதுதான். அந்த உடன்படிக்கை தந்திகளை மூன்று வகையாகப் பிரித்தது: அரசுத் தந்தி, தந்தித் துறையின் சொந்த வேலைக்கான சேவைத் தந்தி, பொதுமக்களின் தந்தி. போகிற ஒழுங்கும் அதே ஒழுங்கு. பிறகு பொதுமக்களுக்கும் ஒரு வழி திறந்தது. மூன்று மடங்குக் கட்டணம் கட்டினால் உங்கள் தந்தியும் 'அவசரம்' ஆகும். அதன் தலையில் டி என்ற எழுத்தைப் போட்டு அனுப்புவார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த டி எழுத்தைப் போட்டது யார் என்பது. அனுப்புகிற ஆள் அல்ல. காசை எண்ணி வாங்கின தபாற்கந்தோர் உத்தியோகத்தர். 'அம்மா சாகக் கிடக்கிறா' என்று நீங்கள் அழுதாலும், கட்டணம் கட்டாவிட்டால் டி இல்லை. ஆனால் கவுண்டரில் ஒருமுறை டி விழுந்துவிட்டால், வழியில் இருக்கிற எந்தக் கந்தோரும் திரும்ப விசாரிக்காது. இன்றைய ஸ்விட்ச் மொழியில் சொன்னால், கவுண்டர் நம்பாத போர்ட். கந்தோருக்கும் கந்தோருக்கும் இடையில் இருந்தது நம்பும் போர்ட்.

மண்டபத்தில் நின்ற வாசல்

அடுத்த கட்டம் மனிதர்கள் போன வழியில் நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த தொழிலாளர்களில் பெருந்தொகையானோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் மலைநாட்டுக்கு நடந்தார்கள். வழியில் காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்கள் ஏராளம். 1890களின் கடைசியில், பம்பாயில் பிளேக் பரவிய பின், அந்தப் பாதை அவர்களுக்கு மூடப்பட்டது. தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறையில் முகாம் வைத்து, அங்கிருந்து கப்பலில் கொழும்புக்கு அனுப்பினார்கள். 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ரயிலோடு இணைந்த கப்பல் சேவை தொடங்கியது. அதற்குப் பிறகு முகாம் ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபத்துக்கு வந்தது.

மண்டபம் முகாம் இந்திய மண்ணில் இருந்தது. ஆனால் அதை நடத்தியது இலங்கை அரசாங்கம். தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே நாட்கணக்கில் தடுத்து வைத்து, உடுப்பை அவித்து, ஊசி போட்டு, டொக்டர் பார்த்த பிறகுதான் தனுஷ்கோடிக்கு விட்டார்கள். சோதனையைத் தலைமன்னாரில் வைக்காமல் அக்கரையில் வைத்ததற்குக் காரணம் வெளிப்படை: நோய் உள்ளே வருவதற்கு முன்னாலேயே நிறுத்துவது. நெட்வொர்க் வகுப்பில் இதே விதியைச் சொல்லித் தருவார்கள். சோதனையும் முத்திரையும் பொதி புறப்படுகிற இடத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. உள்ளே வந்த பிறகு சோதித்தால் காலம் கடந்துவிடும்.

முத்திரையும் இருந்தது. 1900களின் தொடக்கத்திலிருந்து தோட்டத் தொழிலாளிக்குத் தகர டிக்கட் கொடுத்தார்கள். எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்பதைக் காட்டும் எழுத்தும் இலக்கமும் அடித்த சின்னத் தகரத் தகடு. பயணச் செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். வழியில் இருக்கிற உத்தியோகத்தர் ஆளிடம் ஒன்றும் கேட்கத் தேவையில்லை, தகரத்தைப் பார்த்தால் போதும். தன்னைப் பற்றி அந்த மனிதர் என்ன சொன்னாலும் அது கணக்கில் வரவில்லை. மேல்வகுப்பு டிக்கட்டில் வந்த பயணி இப்படி முகாமில் கிடக்கவில்லை. பிளேக் கிருமி வகுப்புப் பார்த்துத் தொற்றுவதில்லை என்பது அன்றைய டொக்டர்களுக்கும் தெரியும். ஆனாலும் நம்பிக்கை வகுப்பின்படிதான் பங்கிடப்பட்டது.

எங்கட பெற்றோரின் தலைமுறைக்கு இதைவிடக் கிட்டத்திலும் உதாரணம் உண்டு. 1990களில் வவுனியாவில் இருந்த பாஸ் நடைமுறை. ஒரு நாள் பாஸ், ஒரு மாத பாஸ் என்று ஒவ்வொருவரின் கையிலும் ஒரு வகை. அதைப் பார்த்துத்தான் எவ்வளவு தூரம், எத்தனை நாள் என்று முடிவானது. வீட்டில் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

சிவப்புப் பொத்தான்

இனி கம்பிக்குத் திரும்புவோம். 1960களில் அமெரிக்க இராணுவம் தனக்கென்று ஓட்டோவொன் என்ற தொலைபேசி வலையமைப்பைக் கட்டியது. அதன் சில போன்களில் வழமையான 12 பொத்தானோடு இன்னொரு நிரலில் 4 பொத்தான் கூடுதலாக இருந்தன: பிரயாரிட்டி, இமீடியட், ஃபிளாஷ், ஃபிளாஷ் ஓவர்ரைட். லைன்கள் எல்லாம் நிரம்பியிருக்கும்போது மேல்நிலைப் பொத்தானை அழுத்தினால், கீழ்நிலையில் கதைத்துக்கொண்டிருந்த யாரோ ஒருவருடைய அழைப்பு அந்த இடத்திலேயே துண்டிக்கப்படும்.

அப்படியென்றால் எல்லாருமே மேல்நிலைப் பொத்தானை அழுத்தலாமே? முடியாது. எந்த லைன் எந்த நிலை வரைக்கும் போகலாம் என்று எக்சேஞ்சில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். பொத்தான் கேட்கும். லைன் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்த்து எக்சேஞ்ச் முடிவெடுக்கும். ஸ்விட்ச் போர்ட்டின் நேரடி மூதாதை இதுதான் என்று சொல்லலாம்.

1981 செப்டம்பரில் ஜோன் போஸ்டல் தொகுத்த ஆர்எப்சி 791 என்ற ஆவணம் வெளிவந்தது. இன்றைக்கும் ஓடுகிற ஐபியின் அடிப்படை அது. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் 3 பிட் முன்னுரிமைக்கு ஒதுக்கினார்கள். 3 பிட் என்றால் 8 நிலை. பெயர்களைக் கேட்டால் சிரிப்பு வரும்: ரூட்டீன், பிரயாரிட்டி, இமீடியட், ஃபிளாஷ், ஃபிளாஷ் ஓவர்ரைட் என்று இராணுவப் பெயர்கள் அப்படியே ஏறியிருந்தன.

பொத்தான் வந்தது. ஆனால் எக்சேஞ்சில் இருந்த அந்தப் பட்டியல் கூட வரவில்லை. இன்டர்நெட்டில் எந்தக் கம்ப்யூட்டரும், எந்தப் புரோகிராமும் தன் பொதியில் தானே எந்த நிலையையும் எழுதிக்கொள்ளலாம். காசும் இல்லை, அனுமதியும் இல்லை. எல்லாரும் அவசரம் என்று சொல்லக்கூடிய இடத்தில் அவசரம் என்ற சொல்லுக்கு ஒரு பெறுமதியும் கிடையாது. அதனால் பெரும்பாலான ரவுட்டர்கள் அந்த 3 பிட்டைக் கண்டும் காணாமல் விட்டன.

1998: வாசலுக்கு வேலை கொடுத்த வருடம்

1998 டிசம்பரில் ஆர்எப்சி 2474, 2475 என்ற இரண்டு ஆவணங்கள் வந்தன. 3 பிட்டை 6 பிட்டாக்கி 64 பெறுமானங்களுக்கு இடம் வைத்தார்கள். இதற்கு டிஎஸ்சிபி என்று பெயர். குரலுக்கு இன்றைக்கு வழமையாகப் போடுகிற இலக்கம் 46. ஈதர்நெட் பக்கத்திலும் அதே வருடம் ஒரு ஏற்பாடு வந்தது. சட்டகத்தில் சேர்க்கிற 4 பைட் சீட்டு ஒன்றில் 3 பிட் முன்னுரிமைக்கு.

இலக்கங்கள் கூடியதைவிட முக்கியமான மாற்றம் 2475இல் இருந்தது. வேலையைப் பிரித்தார்கள். வலையமைப்பின் ஓரத்தில் இருக்கிற கருவி பொதியைச் சோதித்து, வகைப்படுத்தி, சரியான இலக்கத்தை எழுத வேண்டும். நடுவில் இருக்கிற கருவி இலக்கத்தை மட்டும் பார்த்து வேகமாக அனுப்பினால் போதும். ஓட்டோவொன் எக்சேஞ்சும் தந்திக் கவுண்டரும் செய்த வேலை திரும்பவும் வாசலுக்கே வந்து சேர்ந்தது.

இப்போது ஸ்விட்சுக்குள் நடப்பது இலகுவாக விளங்கும். பொதி ஒரு போர்ட்டால் உள்ளே வருகிறது. அது நம்பும் போர்ட் என்றால், பொதியில் இருக்கிற இலக்கத்தை அப்படியே ஏற்று, ஸ்விட்ச் தன் அட்டவணையைப் பார்த்து வெளியேறும் வரிசைகளில் ஒன்றில் நிறுத்தும். 46 என்றால் முதல் வரிசை, 0 என்றால் சாதாரண வரிசை. நம்பாத போர்ட் என்றால், பொதியில் என்ன இருந்தாலும் அதை அழித்து, அந்தப் போர்ட்டுக்கு வைத்திருக்கிற இலக்கத்தை எழுதும். அது பெரும்பாலும் 0. அல்லது நிர்வாகி கொடுத்த விதியின்படி, எங்கேயிருந்து எங்கே போகிற பொதி என்று தானே பார்த்துப் புது இலக்கம் போடும்.

ஒரு ஸ்விட்சை இன்னொரு ஸ்விட்சோடு இணைக்கிற போர்ட்டை நம்புவார்கள். ஏனென்றால் சோதனை அங்கே ஏற்கனவே முடிந்துவிட்டது. வரவேற்பறையில் யாரும் வந்து லெப்டொப்பைக் கொளுவக்கூடிய போர்ட்டை நம்ப மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவையான வகை இருக்கிறது. கந்தோர் மேசையில் ஐபி போன் ஒன்று இருக்கும். அந்தப் போனுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கொளுவியிருக்கும். இரண்டும் ஒரே போர்ட்டால்தான் வரும். சிஸ்கோ ஸ்விட்சுகளில், அந்தப் பக்கம் இருப்பது போன்தானா என்று ஸ்விட்ச் முதலில் பேசிப் பார்க்கும். போன் என்றால் அதன் குரலை நம்பும். கம்ப்யூட்டரிலிருந்து வருகிறதைப் போனே 0 ஆக்கி அனுப்பும். யாராவது போனைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரை நேரே கொளுவினால், நம்பிக்கை அந்த நிமிடமே போய்விடும்.

எல்லாரையும் நம்பினால், ஒருவரையும் நம்பாவிட்டால்

இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது.

எல்லாப் போர்ட்டையும் நம்பினால், வைரஸ் பிடித்த ஒரு கம்ப்யூட்டர் தன் குப்பைப் பொதிகள் எல்லாவற்றிலும் 46 என்று எழுதி முதல் வரிசையை நிரப்பலாம். முதல் வரிசை காலியாகும் வரைக்கும் மற்ற வரிசைகளைப் பார்க்காத ஸ்விட்ச் என்றால், மிச்ச எல்லாப் பொதியும் பட்டினி கிடக்கும். இதற்காகத்தான் முதல் வரிசைக்கும் ஓர் உச்சவரம்பு வைக்கிறார்கள். லைனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்குக் கொடுக்காதே என்பது பலர் பின்பற்றுகிற அளவு.

ஒருவரையும் நம்பாவிட்டால் நடப்பது வேறு. சிஸ்கோவின் காட்டலிஸ்ட் 3560, 3750 மாதிரியான பழைய ஸ்விட்சுகளில் முன்னுரிமை ஏற்பாடு தொடக்கத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அப்போது பொதியின் இலக்கம் தொடப்படாமல் அப்படியே போகும். குரலைச் சீராக்குவோம் என்று நினைத்து ஒருவர் அந்த ஏற்பாட்டை இயக்குகிறார். அடுத்த கணமே எல்லாப் போர்ட்டும் நம்பாத போர்ட் ஆகிவிடும். வருகிற இலக்கம் எல்லாம் 0. குரல் முன்பிருந்ததைவிட மோசமாகும். எந்தப் போர்ட்டை நம்புவது என்று தனித்தனியாகச் சொன்ன பிறகுதான் நிலைமை திருந்தும். அதே கம்பனியின் பிந்திய ஸ்விட்சுகளில் இது தலைகீழ்: கம்பிப் போர்ட்டுகள் தொடக்கத்திலேயே நம்பும் போர்ட்டுகள், வேண்டாதவற்றை நாங்கள்தான் நிறுத்த வேண்டும். ஒரே கேள்விக்கு ஒரே கம்பனி இரண்டு காலத்தில் இரண்டு பதில் வைத்திருக்கிறது. பெட்டியைத் திறந்து கொளுவுகிறவர் தன் பெட்டி எந்தப் பதிலோடு வருகிறது என்று பார்க்கத்தான் வேண்டும்.

எங்கட பொதி எங்கே வரைக்கும்?

இங்கேயிருந்து பாரிசுக்கோ டொரோன்டோவுக்கோ கதைக்கிறோம். எங்கட ரவுட்டர் அந்தக் குரலுக்கு 46 போட்டு அனுப்பினாலும், பொது இன்டர்நெட்டில் அது வழியெல்லாம் நிலைக்கும் என்று நம்ப முடியாது. பல வலையமைப்புகள் வெளியார் எழுதிய இலக்கத்தைத் தங்கள் வாசலில் 0 ஆக்கிவிடுகின்றன. அவர்களுக்கு நாங்கள் நம்பாத போர்ட். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. அவர்கள் எங்களை நம்பினால் உலகத்தில் இருக்கிற எல்லாரையும் நம்ப வேண்டியிருக்கும்.

ஆனால் எங்கட கையில் இருக்கிற வாசல்கள் குறைவில்லை. வீட்டு ரவுட்டர் ஒன்று. வைபைக்கே குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என்று 4 வகை உண்டு. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறை, ஆஸ்பத்திரி, கச்சேரி, கூட்டுறவுச் சங்கம் எல்லாவற்றிலும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. ஐசிடி படிக்கிற எங்கட வயதுப் பிள்ளைகளில் யாரோ ஒருவர்தான் அதைக் கட்டமைக்கப் போகிறார். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவின் போன் எந்த வரிசையில் நிற்கும், பணிப்பாளரின் அறையில் ஓடுகிற வீடியோ எந்த வரிசையில் நிற்கும் என்பதை அந்த ஆள் எழுதுவார். 'பெரியவருடைய போர்ட், அதை நம்பு' என்று எழுதினால் மண்டபம் முகாமின் பழைய வகுப்புக் கணக்குத்தான் திரும்ப வரும். 'இந்தப் போர்ட்டில் இருப்பது போன், தாமதம் அதற்கு ஆகாது, ஆகவே நம்பு' என்று எழுதினால் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது.

பொதிக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும். 46ஐ அழித்து 0 எழுதினால் பொதிக்கு நோகாது. தகரத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மண்டபத்தில் நாட்களை எண்ணினவருக்கு நொந்தது. அந்த முகாமின் பெயர் பழைய கதையாகவும் போகவில்லை. போர்க் காலத்திலும், 2022 பொருளாதார நெருக்கடியிலும் இக்கரையிலிருந்து வள்ளத்தில் போனவர்கள் மண்டபத்தில்தான் தங்கவைக்கப்பட்டார்கள். பொதிக்குச் சரியான விதி ஆளுக்குச் சரியாக இருக்கும் என்று யாராவது சொன்னால், உடனே தலையாட்டாதீர்கள்.

ஸ்விட்சில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுதி வைக்கலாம். பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள். இந்தப் போர்ட்டை நம்புவதற்குக் காரணம் என்ன, யார் சொல்லி, எந்தத் திகதியில் என்று எழுதுங்கள். உங்களுக்குப் பிறகு வருகிற ஆள் அதை வாசித்து, 'இந்தக் காரணம் இப்பவும் சரியா?' என்று கேட்கலாம். சரியில்லை என்றால் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம்.